குப்பைமேட்டுக்குப் போன வெள்ளி இளவரசி

ஞாயிற்றுக்கிழமை மதியம். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி முதுகலை இரண்டாமாண்டு மாணவிகள் நான்கு பேர். ஒருத்தி என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். இடது ஓரத்தில் ஆறு கட்டங்கள்.

"மேம், மூணு பகடையையும் சேத்து உருட்டுங்க. ஆறு தடவ. வர்ற எண்ண மேலேருந்து வரிசையா எழுதிக்கலாம். இது பழைய விதி."

முதல் கட்டத்தில் பலம் என்று இருந்தது. அதன்கீழ் அறிவு, ஞானம், உடலுறுதி, கைவேகம், வசீகரம். எனக்குப் பலம் 17 விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மாடிப்படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்கிற நாற்பத்தாறு வயதுக்காரிக்குப் பலம் 17! வசீகரம் 8தான். அதைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கட்டம் போட்ட பலகை தேவையில்லை. காய் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஒருத்தி நடுவர். அவள் இடத்தையும் சூழலையும் சொல்வாள்: இருட்டான நடை, இடதுபக்கம் ஒரு கதவு, உள்ளே யாரோ இருமும் சத்தம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நான் கதவைத் திறக்கிறேன், நான் காதை வைத்துக் கேட்கிறேன், நான் ஓடிப்போகிறேன் என்று வாயால் சொல்வதுதான் ஆட்டம். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும்போது பகடை தீர்மானிக்கும். அகப்பாட்டு நடத்துகிறவளுக்கு இது ஒன்றும் புதுசில்லை. பெயரில்லாத ஒருத்தி, ஒரு சூழல், யார் யாரிடம் சொன்னது என்ற ஒரு குறிப்பு. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. பிறர் வாயால் பேசிப் பார்ப்பதை நாம் இரண்டாயிரம் ஆண்டாகச் செய்து வருகிறோம், பகடை மட்டும்தான் இல்லை.

"இதையெல்லாம் யார் எழுதுறாங்க?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"யாரோ வெள்ளக்காரங்க மேம்."

யாரோ என்று எந்த நூலையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் இருபது வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றிரவே தேடத் தொடங்கினேன். அப்படித் தேடியபோது அகப்பட்டவர் ஜீன் வெல்ஸ்.

அவரிடம் போவதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கேதான் கேரி கைகாக்ஸ் இருந்தார். பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுகிற ஆண்களின் உலகம் அவருடையது. மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னசனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1000 பிரதி. வெளியிட்டது டிஎஸ்ஆர் என்ற, கைகாக்ஸே நண்பருடன் சேர்ந்து முந்தைய ஆண்டு தொடங்கிய நிறுவனம். முதல் புத்தகத்தின் தலைப்பு, தமிழில் சொன்னால், 'ஆண்களும் மந்திரமும்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல் மனிதர் எல்லாரையும் குறிக்கும் என்பார்கள். குறிக்கட்டும். ஆனால் அந்த விளையாட்டை எழுத எழுத ஆடிப் பார்த்த முதல் இரண்டு பேரில் ஒருவர் கைகாக்ஸின் மகன் எர்னி, மற்றவர் மகள் எலிஸ். இந்த நிலவறைக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தவர்களில் பாதிப்பேர் ஒரு சிறுமி என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிறுமி உள்ளே வந்தாள். விதிகள் அவளைப் பார்க்கவில்லை, அல்லது வேறு மாதிரிப் பார்த்தன. 1976இல் நிறுவனத்தின் 'தி டிராகன்' இதழில் பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகள் சொல்லும் கட்டுரை ஒன்று வந்தது. அதன்படி பெண்ணுக்கு வசீகரம் என்ற கட்டம் கிடையாது, அதற்குப் பதில் அழகு. ஆணை மயக்குவது அவளுடைய தனித்திறமை. 1978இல் வந்த விளையாட்டாளர் கையேட்டில் ஓர் அட்டவணை. மனித ஆண் போர்வீரனின் பலம் 18க்கு மேலும் நூறு படி ஏறலாம், மனிதப் பெண்ணுக்கு ஐம்பதாவது படியோடு முடிந்தது. எல்ஃப் இனப் பெண்ணுக்கு 16 வரைதான், குள்ள இனங்களில் ஒன்றான ஹாஃப்லிங் பெண்ணுக்கு 14 வரைதான். நெருப்புக் கக்கும் பல்லியும் சுவரில் நடக்கும் மந்திரவாதியும் இருக்கிற உலகத்தில் எது நடக்க முடியாதது என்றால், ஒரு பெண் ஆணளவு எடை தூக்குவது. கற்பனைக்கும் எல்லை இருக்கிறதல்லவா!

1979இல் வந்த நடுவர் கையேட்டில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. பாத்திரங்கள் நகரத்தெருவில் இரவில் நடக்கும்போது எதிர்ப்படக்கூடிய பாலியல் தொழிலாளியின் வகையைப் பகடை போட்டுத் தெரிந்துகொள்வதற்காக. பத்துப் பன்னிரண்டு வகை. அழுக்கானவள், வாய்த்துடுக்கானவள், மலிவானவள், விலை கூடியவள், செருக்குள்ளவள் என்று போய், தரகர்களில் முடிகிறது. இதைப் படித்துச் சிரிக்க வந்தது. உடனே அடங்கியும்விட்டது. இற்பரத்தை, சேரிப்பரத்தை, காதற்பரத்தை, காமக்கிழத்தி என்று மருதத்திணை வகுப்பில் நான் கரும்பலகையில் போடுகிற பட்டியல் ஞாபகம் வந்தது. பெண்ணை ஆண் வந்துபோகும் வழியை வைத்து வகைபிரிப்பதில் லேக் ஜெனீவாக்காரர்களுக்கு நம் உரையாசிரியர்கள் மூத்தவர்கள்.

அந்தக் கையேடு வெளிவந்த அதே 1979இல்தான் ஜீன் வெல்ஸ் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார். டிஎஸ்ஆரின் வடிவமைப்புப் பிரிவில் வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் பெண். இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதி, கைகாக்ஸுடன் கடிதத் தொடர்பு வளர்ந்து, கிடைத்த வேலை. தனக்கு விதி எழுதத் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. கைகாக்ஸ் எடுத்துக்கொண்டது தன் கற்பனையை, மீதியைக் கற்றுத் தருவதாகத்தான் பேச்சு என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கற்றுத் தருவது நடக்கவில்லை. நிறுவனம் காட்டுவேகத்தில் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. யாருக்கும் நேரமில்லை.

அவருக்குக் கிடைத்த முதல் பேர், பதில் சொல்கிறவர் என்ற பேர். 1979 நவம்பர், 'தி டிராகன்' 31ஆம் இதழில் 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி பதில் பகுதியைத் தொடங்கினார். ஞானியின் அறிவுரை. நாடு முழுக்கப் பையன்கள் கடிதம் போடுவார்கள்: இந்த மந்திரம் இத்தனை அடி தூரம் போகுமா, என் பாத்திரம் கடவுளைக் கொல்லலாமா என்கிற மாதிரி. ஞானியின் இருக்கையில் இருந்து பதில் எழுதியது இருபதுகளில் இருந்த ஓர் இளம்பெண். ஆள்கள் மாறி, இதழ்கள் மாறி, அந்தப் பகுதியின் பெயர் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. தொடங்கியவர் பெயரை என் மாணவிகள் கேள்விப்பட்டதில்லை.

1980 ஜூலையில் 39ஆம் இதழ். 'பெண்கள் சமத்துவம் வேண்டுகிறார்கள், ஏன் வேண்டக்கூடாது?' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. எழுதியவர்கள் ஜீன் வெல்ஸ், கிம் மோகன். மோகன் என்றதும் நம்மூர்க்காரராக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இல்லை, இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த அமெரிக்கர், ஆண். மேசையில் பெண்கள் படுகிற பாடு அந்தக் கட்டுரையில் வருகிறது. நகைச்சுவை என்ற பெயரில் பெண் பாத்திரத்தைச் சீண்டுவது, கடையில் கிடைக்கிற ஈயப் பொம்மைகளில் பெண் என்றால் பாதித்துணியோடு நிற்பது. போருக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு முழுக் கவசம் செய்துவிற்க ஆளில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. என் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி கைப்பேசியில் ஒரு கணினி விளையாட்டைத் திறந்து அதில் வரும் வீராங்கனையின் கவசத்தைக் காட்டினாள். சளிபிடிக்காதா என்று கேட்டேன்.

பெண்கள் வேறெங்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் 1975 ஜூனிலிருந்தே 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழை நடத்திக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்கள் எழுதி அனுப்புவதைத் தொகுத்து, திரும்ப அவர்களுக்கே அனுப்பும் இதழ். விளையாட்டைப் பற்றிய சிந்தனை வளர்ந்ததில் அந்தத் தாள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வெல்ஸுக்கு வருகிறேன். தனியாக ஒரு சாகச நூல் எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மாட்யூல் என்பார்கள். 32 பக்கம், கழற்றக்கூடிய அட்டை, அட்டையின் உட்புறம் வரைபடம். ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண், அந்த எண்ணின் கீழ் அறையில் என்ன இருக்கிறது என்ற விவரணை. நடுவர் இதை வைத்துக்கொண்டுதான் ஆட்டத்தை நடத்துவார். வெல்ஸின் நூலுக்குப் பெயர் 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்', வெள்ளி இளவரசியின் அரண்மனை. புதிதாக ஆடவருகிறவர்களுக்கான பி வரிசையில் மூன்றாவது. இளவரசியின் பெயர் அர்ஜென்டா. அவளிடம் ஒரு பெரிய மாணிக்கக்கல், பெயர் 'மை லேடிஸ் ஹார்ட்'. இப்போது இடிந்து பாழாய்க் கிடக்கும் அவளுடைய அரண்மனை, அதைச் சுற்றி ஊரில் உலவும் கதைகள்.

நூலை முழுக்கப் படித்தேன். பெரும் படைப்பு என்று சொல்லமாட்டேன். வெறும் பட்டியலாக நிற்கிற அறைகள் உண்டு. கற்றுக்கொண்டிருக்கிற கை என்பது தெரிகிறது. ஆனால் சில இடங்களில் நின்றுவிட்டேன். பல அறைகளை அவர் எழுதாமல் விட்டிருக்கிறார். அவற்றை நடுவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையின் முதல் நூலிலேயே இருந்த உத்திதான், அவர் கண்டுபிடித்ததில்லை. ஆனாலும் ஒரு கவிஞராக, வாசகிக்கு இடம் விட்டு எழுதுகிறவர்மீது எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு.

நின்ற இன்னொரு இடம்தான் வினையானது. ஓர் அறைக்குள் நுழைந்தால், இளம்பெண் ஒருத்தி தன்னுடைய கூந்தலாலேயே கூரையில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறாள். சுற்றிலும் ஒன்பது அவலட்சணமான ஆண்கள், அவளைக் குத்தியும் துணியை இழுத்தும் கேலிசெய்துகொண்டிருக்கிறார்கள். வீரர்கள் காப்பாற்ற ஓடுவார்கள். ஓடினால் செத்தார்கள். அங்கே பெண்ணும் இல்லை, ஆண்களும் இல்லை. டெகாபஸ் என்கிற பத்துக் கைகள் கொண்ட ஜந்து கூரையில் தொங்கிக்கொண்டு காட்டுகிற மாயத்தோற்றம் அது. இரை பிடிக்கத் தூண்டிலில் மாட்டிய புழு.

இந்த மாயத்தோற்றத்தைப் படமாக வரைந்தவர் லாரா ரோஸ்லோஃப். அவரும் பெண். அப்படம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைப் புரட்டுகிற பையனுக்கு அது மாயத்தோற்றம் என்பது முக்கியமில்லை, கட்டிப்போட்ட பெண்தான் முக்கியம். ஆனால் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. துன்பப்படும் அழகிய பெண்ணைக் காப்பாற்றிப் பரிசு பெறுவதுதானே இந்த விளையாட்டுக்குத் தாய்ப்பாலூட்டிய கதைகள் எல்லாவற்றின் உயிர்நாடி? அந்தப் பெண் இல்லை, அவள் உங்கள் ஆசையை அறிந்த ஒரு ஜந்து விரித்த வலை என்று இங்கே ஒரு பெண் எழுதியிருக்கிறார். தெரிந்து எழுதினாரா, பொறிக்கு ஒரு இரை வேண்டுமென்று எழுதினாரா? அதைத் தீர்மானிக்கிற உரிமை எனக்கில்லை. வாசிக்கிற உரிமை உண்டு.

1981இல் ஆரஞ்சு நிற அட்டையோடு புத்தகம் அச்சாகி வந்தது. வந்த கையோடு திரும்பப் பெறப்பட்டது. பெரும்பகுதிப் பிரதிகள் லேக் ஜெனீவாவின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. காரணம் ஒன்றல்ல, பல சொல்லப்படுகின்றன. கட்டிப்போட்ட பெண்ணின் படம் என்பது ஒன்று. இன்னொரு ஓவியரான எரோல் ஓடஸ் வரைந்த மூன்றுதலை உயிரிகளின் முகங்கள் அலுவலக ஆள்களின் முகங்களைப் போல இருந்தன என்பது இன்னொன்று. நிறுவனத்தின் பயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பத்து வயதிலிருந்து ஆடலாம் என்று விற்றுக்கொண்டிருந்த பொருள். 1979இல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவர் காணாமல்போனபோது இந்த விளையாட்டின்மேல் பழிபோட்டு நாடே பேசியிருந்தது. இன்னொரு பிரச்சினையை அவர்கள் விரும்பியிருக்க மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது பிறகு நடந்தது. படத்தை எடுத்துவிட்டு அதே நூலை மறுபடி அச்சிடவில்லை. டாம் மோல்ட்வே என்ற திறமையான எழுத்தாளரிடம் கொடுத்தார்கள். அவர் கதையை மாற்றி, காலியாக விட்ட அறைகளை நிரப்பி, ஏறக்குறைய புதிதாகவே எழுதினார். பச்சை அட்டையோடு அதே ஆண்டு வந்தது. அட்டையில் இருவர் பெயரும் இருந்தன. ஒழுங்கான நூல்தான், ஆட எளிது, குறை சொல்ல ஏதுமில்லை. ஓவியர்களின் குறும்புக்கும் ஆசிரியர் குழுவின் கவனக்குறைவுக்கும் தண்டனை எழுத்துக்குக் கிடைத்தது. வெல்ஸ் பெயரில் தனிநூல் வேறெதுவும் வரவில்லை. படைப்பு வேலை அவர் மேசைக்கு வருவது நின்றது. வேலையை விட்டார், குடும்பம், குழந்தைகள் என்று போனார். 2012 ஜனவரியில் இறந்தார்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கல்லூரி ஆண்டுமலருக்குப் பொறுப்பாசிரியர் நான். இளங்கலை மாணவி ஒருத்தி தந்த கவிதையைச் சேர்த்திருந்தேன். மூன்று நாள் வீட்டுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. மலர் கட்டுக்கட்டாக அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய மாலையே ஒரு கூட்டம். கவிதைக்குப் பக்கத்தில் இருந்த கோட்டோவியம்தான் பிரச்சினை என்றார்கள். ஓவியத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். கேட்டது ஒருமுறைதான். கட்டுகள் பிரிக்கப்படாமலே பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறின. மூத்த பேராசிரியர் ஒருவர் புதிதாக ஒரு மலர் தொகுத்தார். பொறுப்பாசிரியர்கள் என்று அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. மெய்ப்புத் திருத்தக் கொடுத்தபோது என் பெயரை அடிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தகுதிகாண் பருவம் முடியவில்லை எனக்கு.

அந்த மாணவி அப்புறம் என்னிடம் கவிதை எதுவும் காட்டவில்லை. படிப்பு முடிந்து போகும்போது, "பரவால்ல மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அதனால்தான் பச்சை அட்டையில் இருக்கிற ஜீன் வெல்ஸ் என்ற பெயரை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெயர் அங்கே இருக்க அவர் சம்மதித்தாரா, கேட்டார்களா? நான் யாரென்று எண்ணி வருத்தப்படுகிறேன் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. எழுதியவரையா, படத்தை வரைந்தவரையா, மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்தவரையா?

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணுக்கான பலக் குறைப்பு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் எடுக்கப்பட்டது. அதே நூலில், எல்லா இடத்திலும் 'அவன்' என்றே எழுதியிருக்கிறோம், அது பொதுப்பால்தான் என்று ஒரு குறிப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் இலக்கணத்தைப் பிடித்துக்கொள்வது. 'அவள்' என்றும் எழுதத் தொடங்கியது 2000இன் மூன்றாம் பதிப்பில். அதற்கு முன் 1997இல் டிஎஸ்ஆர் முழுகி, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது. புது முதலாளிகள் ஆரஞ்சு அட்டைப் பிரதியைப் பின்னாளில் இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். குப்பைமேட்டுக்குத் தப்பிய அச்சுப் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள்.

அந்த இலவசப் பிரதியை அச்செடுத்து, போன ஞாயிறு நானே நடுவராக உட்கார்ந்தேன். எழுதாமல் விட்ட அறைகளைப் பிள்ளைகளே ஆளுக்கொன்றாக நிரப்பட்டும் என்று சொல்லியிருந்தேன். ஓர் அறையில் பல்லாங்குழி ஆடும் கிழவி வந்தாள். இன்னொன்றில் முழுக்கப் புளி காயப்போட்டிருந்தது. மாயத்தோற்ற அறையைத் தவிர்த்துவிடலாமா என்று முந்தின இரவு யோசித்தேன். பிறகு, படத்தைக் காட்டாமல், ஆண்களின் செய்கைகளை இரண்டு வரியில் முடித்து வாசித்தேன். இரண்டு பேர் வாளை உருவினார்கள். மூன்றாமவள் விளக்கை உயர்த்தினாள். நான்காமவள், பழைய விதி சொல்லித்தந்தவள், கொஞ்சநேரம் தாளைப் பார்த்தபடி இருந்தாள்.

"மேம், நான் அந்தப் பொண்ணுகிட்ட அவ பேரக் கேக்கறேன்."

நூலைப் புரட்டினேன். அதற்குப் பதில் இல்லை. மாயத்தோற்றம் பேசுமா என்பதற்கே விதி இல்லை. என்ன சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி மணி பார்த்தாள். ஐந்தேமுக்கால். பெண்கள் விடுதிக்கதவு ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்கு அப்படி நேரம் எதுவும் கிடையாது. பகடைகளைப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் நான்குபேரும் ஓடினார்கள். படியிறங்கும்போது ஒருத்தி கத்திச் சொன்னாள், அடுத்த ஞாயிறு இங்கேயிருந்துதான் தொடங்கணும் மேம், பக்கத்தை மடிச்சு வைங்க.